வரிக்குதிரை நடந்து சரிபார்த்த சந்து

அக்கா வீட்டுப் பின்கேட்டை அவன் எப்போதும் முழங்காலால்தான் திறப்பான். கை இரண்டிலும் ஏதாவது இருக்கும். கருவிப் பை, பழம், பழுது பார்த்துக் கொண்டுவந்த மின்விசிறி என்று. அன்று முழங்காலால் இடித்தும் கேட் அசையவில்லை. எட்டிப் பார்த்தால், உள்பக்கம் ஒரு கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி மூடிமேல் கிடக்கும் கல் அல்லவா, இங்கே எதற்கு வந்தது என்று நினைத்தானே தவிர, அதற்கு மேல் நினைக்கவில்லை. தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினான். கல் தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது.

பின்னாலேயே சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் போன்.

"இது வழியாப் போனா அந்தப் பக்கத் தெரு வந்துடும்ல?"

"தாராளமாப் போங்க." கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

"இந்த வழிய மேப்ல போட்டவன் நல்லா இருக்கணும். இல்லன்னா ஸ்டேஷன்ல இருந்து முக்கு வரைக்கும் சுத்தணும்," என்று சொல்லிவிட்டு அவள் கடகடவென்று பெட்டியை இழுத்துக்கொண்டு போனாள்.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. போட்டவனே அவன்தானே!

ஆள் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலும் கீழுமாகப் போய்வருகிறவனுக்குச் சாயங்காலம் ஆனால் கால் சும்மா இருக்காது, தெருத்தெருவாக நடப்பான். நடப்பதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் ஒரு தொல்லையும் இல்லை. யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று எல்லோரும் கூடிப் போடுகிற மேப் ஒன்று இணையத்தில் இருக்கிறதே, அதில் போய்ச் சேர்ந்தான். மற்றவர்கள் கடை, பள்ளிக்கூடம், பூங்கா என்று போட்டுக்கொண்டிருக்க, இவனுக்குப் பைத்தியம் பிடித்தது ரோட்டைக் கடக்கும் இடங்கள் மேல். இங்கே வெள்ளைக் கோடு இருக்கிறதா, அழிந்துவிட்டதா? சிக்னல் உண்டா? நடுரோட்டில் நின்று மூச்சு வாங்க மேடை உண்டா? நடைபாதை விளிம்பைச் சக்கர நாற்காலி இறங்குகிற மாதிரி சரித்திருக்கிறார்களா, இல்லை படிபோல விட்டிருக்கிறார்களா? ஒவ்வொன்றுக்கும் ஒரு லேபிள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்து ஒட்டுவான். அவன் மனைவிகூட ஒருமுறை, "என்னைக் கையப் பிடிச்சு ஒரு ரோட்டக் கடத்தி விட்டதில்ல, ஊருக்கே கடந்து காட்டுறீங்க," என்று சொல்லிக் காட்டினாள். அவனுக்கு அது உறைக்கவில்லை.

மேப் போடுகிறவர்கள் மாதம் ஒருமுறை நூலகத்துப் பின்னறையில் கூடுவார்கள். அவனுடைய ஜீப்ரா கிராசிங் பித்துக்காக அங்கே அவனுக்கு வைத்த பேர் வரிக்குதிரை. மேப்பிலும் அதே பேரில்தான் இருந்தான். நாமும் அப்படியே கூப்பிடலாம், அந்தப் பேருக்கு அவன் பட்ட பாடு அவ்வளவு.

வரிக்குதிரையிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வீட்டில் உட்கார்ந்தபடி செயற்கைக்கோள் எடுத்த வானத்துப் படத்தைப் பார்த்துக் கோடு இழுக்கிறவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. "கால் பட்ட இடத்தத்தான் எழுதணும். நாற்காலி பட்ட இடத்த இல்ல," என்பான். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் சிரிக்க, இவன் இன்னும் நிமிர்வான். அந்த மாதம் குழுவில் ஒரு போட்டி வைத்தார்கள். ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு நடந்தே போகக்கூடிய, மேப்பில் விட்டுப்போன குறுக்கு வழிகளை யார் அதிகம் கண்டுபிடிக்கிறார்கள் என்று. வரிக்குதிரை ஊரைச் சல்லடை போட்டுச் சலித்தான். அந்த மும்முரத்தில் அக்கா வீட்டுப் பக்கம்கூடப் பல வாரம் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் அக்கா வீட்டுச் சந்தை மட்டும் முதல் வேலையாகப் போட்டான்.

அந்த வீட்டுக்கு இரண்டு தெரு. முன்வாசல் ஒரு தெருவில், பின்கேட் ஸ்டேஷன் ரோட்டில். வீட்டுச் சுவருக்கும் மதில் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கிற அகலத்தில் சந்து. முன்பக்கம் அதற்குக் கதவே கிடையாது. பின்கேட்டுக்குக் கொக்கி உண்டு, பூட்டு கிடையாது. அக்கா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவன் போய்வருகிற வழி அது. ஸ்டேஷன் ரோட்டைக் கடந்தால் பின்கேட், பின்கேட்டைத் தள்ளினால் சமையலறைக் கதவு. அவனுக்கு அது வழி. வழி என்றால் மேப்பில் இருக்க வேண்டாமா? சந்துக்கு ஒரு கோடு இழுத்தான். யார் நடக்கலாம் என்று மேப் கேட்டது. எல்லோரும் நடக்கலாம், சொந்தக்காரர் விடுகிறவரை நடக்கலாம், தனியார் இடம் என்று மூன்று லேபிள் முன்னால் நின்றன. எல்லோரும் என்பதை ஒட்டினான். பின்கேட்டுக்கு நேரே ரோட்டில் வெள்ளைக் கோடு இல்லை. அதனால் அங்கே 'கோடு போடாத கிராசிங்' என்று நேர்மையாக ஒரு லேபிளும் ஒட்டினான். அதில் எல்லாம் பொய் சொல்ல மாட்டான். போட்டியில் ஜெயித்தான், ஒரு கோப்பை கொடுத்தார்கள். அந்தக் கோப்பையை அக்காவிடம் காட்டத்தான் இன்றைக்கு வந்திருக்கிறான்.

சமையலறையில் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்து, "வந்துட்டியா? நீயும் மேப்பப் பாத்துதான் வந்தியோன்னு நெனச்சேன்," என்றாள்.

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"என்னக்கா?"

"என்னன்னு சொல்றது! யாரோ ஒரு புண்ணியவான் நம்ம சந்த மேப்ல பொது வழின்னு போட்டுட்டான். காலையில ஸ்டேஷனுக்குப் போறவன், சாயங்காலம் திரும்பி வர்றவன், பெட்டி இழுக்கிறவ, சைக்கிள் தள்றவன், எல்லாம் நம்ம வீட்டுக்குள்ளதான். இதே சன்னலுக்கு வெளிய நின்னுக்கிட்டு ஒருத்தன் போன்ல சண்ட போடுறான். கொக்கி போட்டேன், எடுத்துட்டு வர்றாங்க. கல்ல வச்சேன், அதையும் தள்ளிட்டு வர்றாங்க."

வரிக்குதிரை கோப்பை இருந்த பையை மெல்லக் காலுக்குப் பின்னால் நகர்த்தினான்.

"அத்தான் எங்கக்கா?" என்று கேட்டான். பேச்சை மாற்றுவதாக நினைத்துக் கேட்டது, நேரே கிணற்றில் இறக்கிவிட்டது.

அத்தான் நீச்சல் பயிற்சியாளர். ஊரில் பாதிப் பேருக்குத் தண்ணீர் பயத்தைப் போக்கியவர். போன வருஷம் ஒரு நாள் காலையில் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் பாதி போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகினால் கால் திரும்பும் என்று வைத்தியர் சொன்னார். எங்கே நடப்பது? வீட்டுக்குள் நாற்காலியும் மேசையும். பூங்காவில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அந்தச் சந்துதான் வாய்த்தது. போகும்போது வலக்கைக்கு வீட்டுச் சுவர், திரும்பி வரும்போது அதே வலக்கைக்கு மதில் சுவர். அளவெடுத்துக் கட்டினதுபோல் இருக்கிறது என்று அக்கா சந்தோஷப்பட்டது வரிக்குதிரைக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பனியனும் அரைக்கால் சட்டையுமாக, வாயோரம் துடைக்க ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, காலை இழுத்து இழுத்து அந்த மனுஷன் கேட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம் என்கிற அளவுக்கு வந்திருந்தார்.

"உள்ள இருக்கார். இப்ப நடக்கிறதில்ல," என்றாள் அக்கா.

"ஏன்?"

"எப்படி நடப்பாரு? எதிர்ல வர்றவங்க நின்னு பாக்கிறாங்க. 'சார், கொஞ்சம் தள்ளுங்க, ட்ரெய்ன் போயிடும்'னு ஒருத்தன். இவர் எங்கடா தள்றது? சுவர விட்டா விழுவார். அப்புறம் ஒரு நாள் பின்னால வந்த பெட்டி கால்ல இடிச்சு உக்காந்துட்டார். அடி ஒண்ணும் பெருசா இல்ல. இடிச்சவன் ஸாரி சொல்லிட்டுக் காசு குடுக்க வந்தான்டா. பிச்சைக்காரன்னு நெனச்சுட்டான் போல. அன்னைக்கு உள்ள வந்து படுத்தவர்தான்."

வரிக்குதிரை நின்ற இடத்திலிருந்து அறைக்குள் தெரிந்தது. அத்தான் சுவர்ப் பக்கம் முகம் திருப்பிப் படுத்திருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. அகலமான முதுகு, இன்னும் நீச்சல்காரன் முதுகுதான்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்லக்கா?"

"நீ எங்க வந்த? போன் பண்ணா, வேலை இருக்குக்கான்னு வச்சுடுற. சரி, அது போகட்டும். இதக் கேளு." கையைத் துடைத்துக்கொண்டு கிட்டத்தில் வந்தாள். "பொண்ணு ஹாஸ்டல்ல இருந்து சொல்லித் தந்தா, அந்த மேப்லயே குறிப்பு எழுதலாமாம். ஒரு விரலால தட்டித் தட்டி எழுதினேன். 'இது எங்கள் வீட்டுச் சந்து. வீட்டில் உடம்பு முடியாதவர் இருக்கிறார். தயவு செய்து எடுத்துவிடுங்கள்'னு. பேர் போட வேணாம்னு பொண்ணு சொன்னா, போடல. அதுக்கு ஒருத்தன் பதில் எழுதி மூடிட்டான்டா. என்ன எழுதினான் தெரியுமா? 'நேரில் நடந்து சரிபார்த்தேன். வழி திறந்திருக்கிறது. கேட்டில் பூட்டு இல்லை.' பேரப் பாரு, வரிக்குதிரையாம்! குதிரையோ கழுதையோ, எந்த நேரத்துல நம்ம வீட்டுக்குள்ள புகுந்து நடந்து பாத்துட்டுப் போனான்னே தெரியலடா. நெனச்சா உடம்பெல்லாம் கூசுது."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. அந்தக் குறிப்பு அவனுக்கு ஞாபகம் இருந்தது. ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் இயந்திர அறை வாசலில், மதியச் சாப்பாட்டுக்கு நடுவில் படித்தான். எந்தச் சந்து என்று தெரிந்தே படித்தான். நம்ம அக்கா வீட்டுச் சந்து, நமக்குத் தெரியாததா, மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் வழக்கம்போல மூக்கை நுழைக்கிறார் என்று முடிவு கட்டினான். உடம்பு முடியாதவர் என்று எழுதியிருந்ததே, அது? அதைக் கண் பார்த்தது, மனசு பார்க்கவில்லை. எழுதினதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. பல வாரத்துக்கு முன்னால் என்றாலும் நடந்தது உண்மை, திறந்திருந்தது உண்மை, பூட்டு இல்லாததும் உண்மை. அதுதான் இன்னும் அசிங்கமாக இருந்தது.

"அப்படின்னா ஒரு பூட்டு வாங்கிப் போட வேண்டியதுதானே?" என்றான். குரல் யாருடையதோ போல் வந்தது.

அக்கா அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "பூட்டினா நீ எப்படி வருவ?"

அவன் சன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தான். அக்கா நிறுத்தவில்லை.

"ஒருத்தன் சட்டம் வேற பேசினான். மேப்ல இருக்கு, இது பொது வழி, நீங்க மறிக்கக் கூடாதுன்னு. நெஜமாவாடா? எடுத்துக்குவாங்களா? உனக்குத்தான் இந்தக் கம்ப்யூட்டர் விஷயமெல்லாம் தெரியும். அந்தக் குதிரையக் கண்டுபிடிச்சு எப்படியாவது எடுக்க வைடா."

"பாக்கிறேன்க்கா," என்றான் வரிக்குதிரை.

தெருமுனையில் நின்று போனிலேயே மாற்றினான். எல்லோரும் என்பதை எடுத்துவிட்டுத் தனியார் என்று ஒட்டினான். கேட்டுக்கு நேரே இருந்த கிராசிங்கையும் அழித்தான். எதற்காக மாற்றுகிறாய் என்று மேப் கேட்கும். 'லேபிள் திருத்தம்' என்று எழுதினான். என்ன ஒரு வார்த்தை! வீட்டில் திருடியவன் பொருளைத் திரும்ப வைத்துவிட்டு, இடமாற்றம் என்று எழுதின மாதிரி. யாருக்கும் தெரியப்போவதில்லை என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு பஸ் ஏறினான். ஆனால் தேறவில்லை. அந்த வாரம் முழுக்க எந்தக் கிராசிங்கில் கால் வைத்தாலும் அக்கா ஒரு விரலால் தட்டியதுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த ஞாயிறு போனபோது கேட்டைக் கல் முட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தது. அவன் இந்த முறை அதைத் தள்ளவில்லை. கை விட்டு நகர்த்தி, உள்ளே வந்து, பழையபடி வைத்தான்.

அக்கா முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தாள். "மாறிடுச்சாமே! பொண்ணு பாத்துச் சொன்னா. தனியார்னு போட்டிருக்காம். பக்கத்து வீட்டுல, எதிர்வீட்டுல எல்லாம் சொல்லிட்டேன், என் தம்பி ஒரே நாள்ல முடிச்சுட்டான்னு."

"ஆளுங்க வர்றது நின்னுச்சாக்கா?"

"இன்னும் வர்றாங்கதான். போன்ல எல்லாம் மாற நாள் ஆகுமாமே? ஆகட்டும். நம்ம இடம் நம்ம இடம்னு ஆச்சே, அது போதும். இங்க வா, உங்கத்தான் உன்னப் பாக்கணும்கிறார்."

அத்தான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். முகம் மழித்திருந்தது. வலக்கையை நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். வாயில் வார்த்தையைச் சேர்க்க வெகுநேரம் பிடித்தது. சேர்த்துக்கொண்டே இருந்தார், கையை விடவில்லை.

"நல்ல... மச்சான்," என்றார்.

அந்தக் கை கெட்டியாக இருந்தது. அவனுக்கும் சின்ன வயதில் நீந்தக் கற்றுக்கொடுத்த கை. அப்படியே தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். வாழ்நாள் முழுக்க நல்ல மச்சானாகவே இருந்திருக்கலாம். அக்கா வேறு வாசல்நிலையில் சாய்ந்துகொண்டு, "அந்தக் குதிரை யாருன்னு தெரிஞ்சுதாடா? எதாவது படிச்ச திமிர் பிடிச்சவனா இருப்பான்," என்றாள்.

"நான்தான்க்கா," என்றான்.

"என்ன நான்தான்?"

"வரிக்குதிரை நான்தான். சந்தப் போட்டதும் நான்தான்."

அக்கா முதலில் சிரித்தாள். அவன் வேடிக்கை பேசுகிற ஆள்தான். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு போகிற வழி தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது.

"நான் எழுதினதப் படிச்சியா?"

"படிச்சேன்."

"நம்ம சந்துன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப எழுதினது யாருன்னு நெனச்ச?"

"பக்கத்து வீட்டுக்காரர்னு நெனச்சேன்க்கா. கால் வச்சு நடந்த வழிதானேன்னு... எப்பவும் திறந்தே இருக்கு, அதனால எல்லாருக்கும் திறந்திருக்குன்னு..." சொல்லச் சொல்ல அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவன் காதுக்கே கேட்டது. "போன வாரம் வந்தப்ப அந்தக் கல்லத் தள்ளினதும் நான்தான். பின்னால ஒரு பொம்பள வந்தா, அவளுக்கும் கேட்டப் பிடிச்சு விட்டேன்."

அத்தான் அவன் கையை விட்டார். உதறவில்லை, விரல்கள் தாமாகத் தளர்ந்த மாதிரி விட்டார். பிறகு மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டால் தேவலை என்று இருந்தது. அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பாமலே சொன்னாள்.

"கேட் திறந்தே இருந்தது எல்லாருக்காகவும் இல்லடா. நீ ஒருத்தன் வருவேன்னுதான்."

"தெரியுதுக்கா."

"இன்னைக்குப் பூட்டு வாங்கிடுறேன். நீ இனிமே முன்வாசல் பக்கம் வா. வந்து மணி அடி."

மறுநாள் காலையில் சந்துக்கு வெளியே, ஸ்டேஷன் ரோட்டில், பூட்டிய கேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் நின்றான். பூட்டு போட்டால் மட்டும் போதாது என்று அவனுக்குத் தெரியும். போன் வழி காட்டிக்கொண்டே இருக்கும்வரை ஆட்கள் வந்து கேட்டை ஆட்டுவார்கள், கூப்பிடுவார்கள், எட்டிப் பார்ப்பார்கள். முன்பக்கமோ கதவே இல்லாமல் திறந்து கிடந்தது. அங்கே அகலத்துக்கு ஒரு பலகை அடித்து அடைத்துவிட்டு, பின்பக்கம் வந்து நின்றான். லிஃப்ட் பழுது பார்க்கும்போது பொத்தான்மேல் தொங்கவிடுகிற சிவப்பு அட்டை ஒன்று அவன் பையில் எப்போதும் இருக்கும். 'உள்ளே ஆள் இருக்கிறார். இயக்காதீர்கள்.' அதைக் கேட்டில் மாட்டியிருந்தான்.

வந்தார்கள். ரோட்டைக் கடந்து நேராக வந்தார்கள், போனைப் பார்த்தபடி.

"வழி இல்லீங்க. முக்கு வரைக்கும் போய்த் திரும்பணும்."

"மேப்ல இருக்கே?"

"தப்பாப் போட்டது."

"எவன் போட்டான்?"

முதல் ஆளிடம் யாரோ என்று சொல்லிவிட்டான். அந்த ஆள், "கண்ட கழுதையெல்லாம் மேப் போட்டா இப்படித்தான்," என்று திட்டிவிட்டுப் போனார். திட்டு யாருக்கோ போனதுபோல் ஆகிவிட்டது, அது சரியாகப் படவில்லை. அடுத்து வந்தவரிடம், "நான்தான் போட்டேன். ஒரு வீட்டுக்குள்ள போற வழி இது. மன்னிச்சுக்குங்க," என்றான். அவர் மேலும் கீழும் பார்த்தார். அதன் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் நான்தான், நான்தான் என்றான். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் யாருக்கும் அவன் வெட்கத்தைப் பார்க்க நேரம் இல்லை. சிலர் சிரித்தார்கள். பெட்டி இழுத்த பெண்ணும் ஒரு நாள் வந்தாள், அவனை அடையாளம் கண்டு, "நீங்கதானே அன்னைக்குப் போகச் சொன்னீங்க?" என்றாள். ஆமாம் என்று சொல்லத்தான் வேண்டியிருந்தது. காது இரண்டும் சுட்டது.

லிஃப்ட் கம்பெனியில் தாமதத்துக்குக் கேட்டதை வாங்கிக்கொண்டான். மேப்பிலும் போய் அக்கா எழுதிய குறிப்பைத் திரும்பத் திறந்தான். 'இந்தக் குறிப்பை மூடியது என் தவறு. நான் நடந்தேன் என்பது உண்மை. நான் அந்த வீட்டுத் தம்பி என்பதால் நடந்தேன். அதை எல்லோருக்கும் வழி என்று எழுதினேன். - வரிக்குதிரை' என்று எழுதினான். குழுவில் அதைப் பார்த்த ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. போட்டியில் வாங்கிய கோப்பையை வீட்டில் ஒரு மூலையில் கவிழ்த்து வைத்தான்.

தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே நின்றானே தவிர, வீட்டுக்குள் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. ஒரு நாள் முதுகுக்குப் பின்னால் சமையலறைக் கதவு திறந்தது. பிறகு ஓர் ஓசை. ஒரு காலடி, ஓர் இழுப்பு, சுவரில் உள்ளங்கை உரசுகிற சத்தம். மறுபடி ஒரு காலடி, ஓர் இழுப்பு. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கிற கண்ணுக்குப் பயந்து படுத்துக்கிடந்த மனுஷன். அவரைப் பார்த்த கண்களையெல்லாம் அனுப்பி வைத்தவன் அவன்தான். ரோட்டையே பார்த்துக்கொண்டு சிலைபோல் நின்றான். ஓசை பாதி வழியில் நின்றது, திரும்பியது, வந்த வழியே போனது. கண்ணில் நீர் முட்டியது. அதைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை, அசைந்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

அதன் பிறகு தினமும் அந்த ஓசை வந்தது. சில நாள் பாதியில் நின்றது, சில நாள் இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வந்தது. போன்களில் இருந்த மேப்பும் ஒன்றொன்றாக மாறியது. ஆட்கள் குறைந்து, ஒரு காலையில் யாருமே வரவில்லை. அவன் அட்டையைக் கழற்றவில்லை. அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முன்வாசலுக்குப் போனான். எந்தக் கிராசிங்கில் பொத்தான் இருக்கிறது, அது இடப்பக்கக் கம்பத்திலா வலப்பக்கக் கம்பத்திலா என்று ஊருக்கெல்லாம் லேபிள் ஒட்டியவன், அக்கா வீட்டு வாசலில் நின்றுகொண்டு அழைப்புமணி எங்கே என்று தேடினான். இத்தனை வருஷத்தில் அதை ஒருமுறைகூட அடித்ததில்லை. நிலையின் இரண்டு பக்கமும் பார்த்தான், கதவில் பார்த்தான். கடைசியில் மின்மீட்டர் பெட்டிக்குக் கீழே, ஆள் பார்க்காத உயரத்தில் இருந்தது. அமுக்கினான். உள்ளே குருவி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். இதுதான் இந்த வீட்டு மணியா என்று இருந்தது.

"யாரு?" அக்காவின் குரல், சமையலறையிலிருந்து.

"நான்தான்."

"நான்தான்னா யாரு?"

குரலைக் கேட்டால் அவளுக்குத் தெரியாமலா இருக்கும். தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை.

"வரிக்குதிரை வந்திருக்கேன்க்கா."

உள்ளே தண்ணீர்க் குழாய் நின்றது. பிறகு அக்கா யாரிடமோ சொன்னாள், "எனக்குக் கை ஈரமா இருக்கு. நீங்க போய்த் திறங்க."

கட்டில் கிரீச்சிட்டது. ஒரு காலடி, ஓர் இழுப்பு. நாற்காலி ஒன்று நகர்ந்தது. மறுபடி ஒரு காலடி, ஓர் இழுப்பு. இந்தப் பக்கம் பிடித்துக்கொள்ளச் சுவர் கிடையாது என்று அவனுக்குத் தெரியும். வரிக்குதிரை கதவுக்கு நேரே நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, கதவு எப்போது திறந்தாலும் திறக்கட்டும் என்று நின்றான்.